கடற்கரைப் பாதை என்றால் சமதளம் இல்லை

"கடலோரப் பாதைதானே, சமமாக இருக்கும், தினம் 30 கி.மீ. தாராளமாக நடக்கலாம்" என்று யாராவது சொல்வதை நம்பி அறை பதிவு செய்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதை, மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை, சுமார் 1,014 கி.மீ. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 35,000 மீட்டர். ஓடைகள் கடலில் சேரும் இடமெல்லாம் பள்ளம். இறங்கி, உடனே மறுபடி ஏறவேண்டும். மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்கும் நெய்ஸ்மித் விதிப்படி 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அந்த 30 கி.மீ.க்கு, சராசரியாக வரும் 1,000 மீட்டர் ஏற்றத்தையும் சேர்த்து, சுமார் எட்டு மணி நேரம் ஆகும், அதுவும் உட்காராமல்! ஹார்ட்லண்ட் குவே–பியூட் பகுதி 25 கி.மீ.தான், ஆனால் முழங்காலைப் பதம்பார்க்கும்; ஊன்றுகோல் இரண்டும் வேண்டும்.

பாதையில் குறுக்கிடும் எர்ம் ஆற்றைக் கடக்கப் படகும் கிடையாது. கடல் வற்றும் நேரத்துக்கு முன்பின் ஒரு மணிக்குள் இறங்கிக் கடக்கவேண்டும், தவறினால் சாலைவழியே நீண்ட சுற்று. ஓத அட்டவணையை (கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை) பார்த்துவிட்டு அன்றைய தூரத்தை முடிவு செய்யுங்கள்.