வீடு பங்காளிகளுக்கு, படம் யாருக்கு?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியப்பச்சி (எங்கள் பக்கம் பெரியப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக்கியிருக்கும் ஒருவருடைய விளம்பரம். முன்பக்கத்தில் எங்கள் வீட்டு வளவு, அதாவது உள்முற்றம். தேக்குத் தூண், ஆத்தங்குடித் தளம், ஓரத்தில் ஆயா வற்றல் காயவைத்த முறம்கூட அப்படியே இருக்கிறது.

"நம்ம வீட்டைக் காட்டி எவனோ ரூம் விடுறான். கேஸ் போடணும்" என்றார்.

கேஸ் போட்டால் முதல் சாட்சி நான்தான், அதுவும் எதிர்த்தரப்புக்கு. அந்தப் படத்தை எடுத்ததும் நான், விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க் கட்டுரையில் சேர்த்ததும் நான். ஏற்றும்போது ஒரு பெட்டியில் டிக் அடித்தேனே, அதற்குப் பெயர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். யாரும் எடுக்கலாம், வெட்டி ஒட்டலாம், காசும் பார்க்கலாம். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. விக்கிப்பீடியா இலவசம், அதனால் வியாபாரத்துக்கு எடுக்கக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. "வணிகத்துக்குக் கூடாது" என்று நிபந்தனை போட்ட படத்தைப் பொதுவகம் ஏற்றுக்கொள்வதே இல்லை.

அப்படியானால் ஓட்டல்காரர் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. என் பெயர் போடவில்லை. நிபந்தனையை மீறியதும் உரிமம் செல்லாது. ஆனால் நான் கொடுத்த 4.0 பதிப்பில், மீறியது தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் தானாகவே திரும்ப வந்துவிடும். ஆக, கோர்ட் வரை போகிற விஷயம் இல்லை, ஒரு போன் போதும்.

பெரியப்பச்சி விடவில்லை. "வீடு பதினோரு பங்காளிக்குச் சொந்தம். நீ ஒருத்தன் எப்படித் தூக்கிக் கொடுத்தே?"

நியாயமான கேள்வி. சட்டத்தில் பதில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கட்டடத்தைப் படம் எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. படத்தின் உரிமை எடுத்தவருக்கு. வீடு வேறு, வீட்டின் படம் வேறு. ஆனால் பந்தியில் உட்கார்ந்து பெரியவரிடம் பிரிவு எண் சொல்ல முடியுமா? வளவு பொது, அதைப் படம் பிடித்து உலகத்துக்கு விடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் தப்பு.

இதே குழப்பம் தலைகீழாகவும் நடக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் வீட்டு முகப்பில் மாட்டியிருக்கும் ஐயாவின், அதாவது தாத்தாவின், படத்தை ஸ்கேன் செய்து "சொந்தப் படைப்பு" என்று ஏற்றுகிறார்கள். தம்பி, அந்தப் படம் எடுத்தபோது நீ பிறக்கவே இல்லை! சட்டகம் நம்முடையது என்பதால் படைப்பு நம்முடையது ஆகிவிடாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு என்று 17ஆம் பிரிவு சொல்கிறது, அந்த வழியில் வாரிசுகளுக்கு வரலாம். அதைச் சொல்லி ஏற்றலாமே, எதற்குப் பொய்? உரிமை என்பது பொருளை விட்டுத் தனியாக நிற்கும் சங்கதி என்று செட்டிநாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாரதியார் பாடல்களின் இசை உரிமையைக் கையில் வைத்திருந்து, 1949இல் அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தவர் காரைக்குடி ஏ.வி. மெய்யப்ப செட்டியார்தானே.

சரி, படத்தோடு போனால் பரவாயில்லை. எழுத்தில்தான் ஆபத்து. போன வருடம் எங்கள் ஊர்க் கட்டுரையில் யாரோ ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். கோயில் திருப்பணிப் பணத்தை இன்ன வீட்டார் சாப்பிட்டுவிட்டார்கள் என்று, வீட்டு விலாசப் பெயரோடு. பதினோரு நாள் கிடந்தது. நான் பார்த்து எடுத்தேன். எடுத்தாலும் "வரலாறு" பொத்தானை அமுக்கினால் பழைய பதிப்பு வந்து நிற்கும், நிர்வாகியிடம் சொல்லி அதையும் மறைக்க வேண்டியிருந்தது. அப்புறம் எனக்கே போன் வருகிறது: "ஊருக்கே தெரிஞ்சதுதானே, ஏன் எடுத்தே?"

ஊருக்குத் தெரிந்தது ஆதாரம் ஆகாது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறை. குற்ற வழக்கில் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. பிறர் எழுதுவதற்கு இடம் மட்டும் கொடுக்கும் இடைநிலையாளர் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் காட்டிப் பாதுகாப்புக் கேட்க அதற்கு வழி உண்டு. வரியைத் தட்டியவருக்கு அந்தக் குடை கிடையாது. சம்மன் வந்தால் தேவகோட்டைக் கோர்ட் வாசலில் நிற்கப்போவது அவர்தான். எல்லோரும் சேர்ந்து எழுதுகிறோம், அதனால் யாருக்கும் பொறுப்பில்லை என்ற நினைப்பைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒவ்வொரு வரியும் யார், எந்த நிமிடம் சேர்த்தது என்று கணக்குப்பிள்ளை பேரேடு மாதிரி அங்கே பதிவாகிறது.

அதற்காக, எழுதுகிறவர்களை மிரட்டுவதும் எனக்கு ஒப்பாது. 2024 ஜூலையில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரைக்காக விக்கிமீடியா மேல் 2 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. எழுதிய தன்னார்வலர்களின் விவரத்தைக் கொடு என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் பற்றிய கட்டுரையே அக்டோபரில் இறக்கப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்க உத்தரவை ரத்து செய்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தப் பத்து மாதத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு வக்கீல் பீஸ் யார் கொடுப்பது என்றார்கள். அவர்களிடம் சொல்ல எனக்குப் பதில் இல்லை. அச்சில் வந்ததை மட்டும் எழுதுங்கள், பெரிய வீட்டுச் சண்டைக்குள் போகாதீர்கள் என்பதற்கு மேல்.

ஓட்டலுக்கு போன் பண்ணினேன். மேனேஜர் தங்கமான ஆள். "தெரியாம நடந்துபோச்சுண்ணே, அடுத்த பிரிண்ட்ல போட்டுடறோம்" என்றார். போட்டும் விட்டார்கள். நேற்று பெரியப்பச்சி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் "படம்: விக்கிப்பீடியா" என்று இருக்கிறது.

கூடவே ஒரு குரல் பதிவு. "யாருப்பா இது, நம்ம பங்காளியா?"