புதுக் காருக்கு பிபிஎஃப்: முன்பக்கத்துக்கு மட்டும் போதும் என்பது என் கருத்து

என் அண்ணன் மகள் சொந்தச் சம்பளத்தில் முதன்முதலாகக் கார் வாங்குகிறாள். வீடு மடிப்பாக்கத்தில், வேலை சிறுசேரியில். மாதம் இரண்டு முறை திருச்சிக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வருவது அவள் வழக்கம். முன்பணம் கட்டிய அன்றே ஷோரூமில் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். வண்டி முழுவதற்கும் பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம் (பிபிஎஃப்), அதாவது பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் ஒட்டுப்படலம், ஒட்ட 95,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 1,12,100 ரூபாய் என்றும், டெலிவரிக்கு முன்பே ஒட்டினால்தான் பயன் என்றும் சொல்லியிருக்கிறார்கள். "சித்தப்பா, போடலாமா வேண்டாமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்று கேட்டாள். ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்து அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். புது வண்டி எடுக்கிற பலரும் இன்று இதே தாளை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள்.

முதலில் அந்த ஃபிலிம் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளின் விளிம்பை மணலும் கல்லும் அரித்தபோது, அடியைத் தாங்கிக்கொள்ளும் ஒட்டுப்படலமாக வந்ததுதான் இதன் மூதாதை. பிறகு பந்தயக் கார்களின் மூக்குப் பகுதிக்கு வந்து, அங்கிருந்து நம் வீட்டு வண்டிகளுக்கு இறங்கியது. இன்று நல்ல ஃபிலிம் என்று சொல்லப்படுவது டிபியு எனப்படும் பாலியூரித்தேன் வகை. அதன் கனம் பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். காரின் பெயின்ட்டுக்கு மேலே பளபளப்பாக இருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அதைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமுள்ள ஒரு ரப்பர் தோலை மேலே போர்த்துவது வீண் வேலை என்று யாரும் சொல்ல முடியாது. வேகமாக வந்து விழும் சிறு கல்லின் அடியை அது உண்மையாகவே வாங்கிக்கொள்கிறது. மேற்பரப்பில் விழும் மெல்லிய கோடுகள் வெயில் பட்டாலோ வெந்நீர் பட்டாலோ தாமாக மறைவதும் உண்மைதான். ஆகவே இந்தப் பொருளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அதை வண்டியில் எந்த இடத்தில் ஒட்டுவது என்பதில்தான் எனக்கும் அந்த ஷோரூம் தாளுக்கும் கருத்து வேறுபாடு.

இதற்கு என் சொந்த வண்டியையே சாட்சியாக வைத்துக்கொண்டேன். எட்டு வருடம், 72,000 கிலோமீட்டர், ஃபிலிம் எதுவும் ஒட்டாத வெள்ளை வண்டி. போன வாரம் இரவு, கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தபடி ஒவ்வொரு பகுதியாகப் பார்த்து எண்ணினேன். கல்லடி பட்டுப் பெயின்ட் தெறித்த புள்ளிகள் மொத்தம் 23. அவற்றில் 19 முன் பம்பரிலும், பானெட்டின் முன் விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளும் இருந்தன. பக்கவாட்டுக் கண்ணாடிக் கூடுகள் இரண்டிலும் தலா ஒன்று; மீதி இரண்டும் முன்கண்ணாடியை ஒட்டிய தூணில். கூரையிலும் கதவுகளிலும் டிக்கியிலும் ஒன்றுகூட இல்லை. கதவுகளில் வேறு வகைக் காயங்கள் ஏழு இருந்தன, எல்லாம் நிறுத்தி வைத்திருந்தபோது பட்டவை. அவற்றில் மூன்று, பக்கத்தில் நின்ற பைக்கின் ஹேண்டில் பாரோ வேறு வண்டியின் கதவோ இடித்துத் தகடு உள்ளே போனவை. தகடு நசுங்குவதை இந்த ஃபிலிம் தடுக்காது. தடுக்கும் என்று எந்தத் தயாரிப்பாளரும் சொல்வதில்லை, விற்பவர்கள் மட்டும் அதைப் பற்றிப் பேசாமல் கடந்துவிடுகிறார்கள்.

கல் பெயின்ட்டை உடைக்க வேகம் வேண்டும். மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துபோகும் வண்டிக்கு ஜல்லியால் வரும் ஆபத்து குறைவு. இடைவெளியில் நுழைந்து போகும் இருசக்கர வாகனத்தின் பிரேக் லிவரால்தான் ஆபத்து அதிகம். அதே வண்டி செங்கல்பட்டைத் தாண்டித் திருச்சி நெடுஞ்சாலையில் நூறைத் தொடும்போது, முன்னால் போகும் லாரியின் டயர் கிளப்பிவிடும் கல் துப்பாக்கிக் குண்டுபோல வந்து விழும். அதுவும் விழுவது வண்டியின் முகத்தில்தான்.

சென்னையில் ஒரு காரின் பளபளப்பைக் கெடுப்பது கல்லைக் காட்டிலும் துணிதான் என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கலாம். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் காலை ஏழரைக்குள் இருபது வண்டிகளைத் துடைத்து முடிக்க வேண்டும். கையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரே துணி. மூன்றாவது வண்டியிலேயே அந்தத் துணியில் மண் ஏறிவிடுகிறது; அதற்குப் பிறகு அவர் துடைப்பதெல்லாம் மெல்லிய உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்திவலைபோல வட்டக் கோடுகள் தெரிவது அதனால்தான். அவரைக் குறை சொல்வது நியாயமில்லை, இருபது வண்டிக்கும் நாம் கொடுக்கும் கூலியும் நேரமும் அவ்வளவுதான். நான் அவரிடம் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளை வாங்கிக் கொடுத்து, என் வண்டிக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்தும்படியும், முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணை இறக்கிவிட்டுப் பிறகு துடைக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். போர்வெல் தண்ணீரின் உப்புக்கறையும் பறவை எச்சமும் இதே வகைச் சங்கதிகள். வெயிலில் சூடேறி இளகிய கிளியர் கோட், எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும்போதே மறுபடி குளிர்ந்து இறுகுவதால்தான் அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. ஃபிலிம் இருந்தாலும் அன்றைக்கே கழுவித்தான் ஆக வேண்டும்; இல்லாவிட்டால் தழும்பு ஃபிலிமில் விழும்.

பணக் கணக்குக்கு வருகிறேன். பானெட், கூரை, டிக்கி, இரண்டு பம்பர், நான்கு கதவு, முன்னும் பின்னுமாக நான்கு பக்கத் தகடு என்று வைத்துக்கொண்டால் ஒரு வண்டியில் பெயின்ட் அடித்த பகுதிகள் 13. நான் போகும் பட்டறையில் ஒரு பகுதிக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்க 5,000 ரூபாய் வாங்குகிறார்கள். வண்டி முழுவதையும் ஒருமுறை அடித்தால் 65,000 ரூபாய். ஷோரூம் சொன்ன தொகையில் இன்னும் 47,100 ரூபாய் மிச்சம் இருக்கும். இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. தொழிற்சாலையில் வெறும் உடற்கூடாக இருக்கும்போதே ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டு எடுக்கப்படும் பெயின்ட்டின் உறுதியை, வயரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய வண்டியை 60, 70 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியாத பட்டறையில் யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. கடற்காற்று வீசும் ஊரில் இது சிறிய விஷயமில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டின் கனம் அளக்கும் மீட்டரோடு வருவதும் இதனால்தான். ஆனால் இந்த மறுப்பு அடிபடும் இடத்துக்குத்தான் பொருந்துகிறது. எட்டு வருடத்தில் ஒரு கல்கூட விழாத கூரைக்கும் டிக்கிக்கும் அவள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

ஷோரூம் பேக்கேஜைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் மைத்துனரின் வண்டி. டெலிவரி அன்று ஃபிலிம் ஒட்டியே கொடுத்தார்கள். எந்த நிறுவனத்தின் ரோல் என்று பில்லில் எழுதவில்லை. மூன்றாவது கோடையில் வெள்ளை வண்டி, பழைய பத்திரிகைத் தாளின் நிறத்துக்கு வந்துவிட்டது. உரித்தவர் பார்த்துவிட்டு, இது டிபியு இல்லை, மலிவான பிவிசி என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பானெட்டின் விளிம்பை ஒட்டி, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு நேர்க்கோடு. நகத்தால் தடவினால் தட்டியது. ஒட்டும்போது மிச்சத்தைப் பிளேடால் வண்டியின் மேலேயே வைத்து அறுத்திருக்கிறார்கள். பிளேடு பெயின்ட்டைத் தாண்டித் தகடுவரை இறங்கியிருந்தது. அந்தக் கோட்டின் ஓர் ஓரத்தில் துரு பழுப்பாகப் பூத்திருந்தது. மைத்துனர் ஒன்றும் பேசாமல் அந்தக் கோட்டின் மேலேயே விரலை வைத்து நின்றுகொண்டிருந்தார். பெயின்ட்டைக் காப்பாற்றத்தான் அவர் பணம் கொடுத்தார். ஷோரூமில் கேட்டதற்கு, ஒட்டிய ஆள் வெளியாள், இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். அது சில மைக்ரான் கனம்தான். தண்ணீர் வழிந்தோடும், கழுவுவது எளிது, கல்லைத் தடுக்காது. காப்பீட்டைப் பொறுத்தவரை, ஃபிலிமின் விலையை முன்கூட்டியே தெரிவித்துப் பாலிசியில் சேர்க்காவிட்டால் விபத்துக்குப் பின் அந்தத் தொகை பொதுவாகக் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொல்லி அவளுக்கு நான் கொடுத்த யோசனை இதுதான். முன் பம்பர், பானெட், முன்பக்கத் தகடு இரண்டு, கண்ணாடிக் கூடுகள், அவற்றோடு நகம் உரசும் கதவுக் கைப்பிடிக் குழிகள்; இவ்வளவுக்கு மட்டும் டிபியு ஃபிலிம். ஜி.பி. ரோட்டிலும் வேளச்சேரியிலும் விசாரித்ததில் 35,000 ரூபாய் அளவில் சொன்னார்கள். ரோல் பெட்டியைத் தன் கண் முன்னே பிரிக்க வேண்டும், அதன் எண்ணை வாரண்டி அட்டையில் எழுத வேண்டும், ஃபிலிமைப் பிளாட்டர் இயந்திரத்தில் வண்டியின் அளவுக்கு வெட்டிக்கொண்டுவந்து ஒட்ட வேண்டும், வண்டியின் மேல் பிளேடு படக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளச் சொன்னேன். திருச்சிப் பயணம் இல்லாமல் சிறுசேரிக்கு மட்டும் போய்வருகிறவளாக இருந்தால் இதுவும் வேண்டாம், இரண்டு நல்ல துணி போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். ஐம்பது லட்சத்துக்கு அடர்கறுப்பு வண்டி வாங்கிப் பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவரின் கணக்கு வேறாக இருக்கலாம். அதைப் பற்றி எனக்கு அக்கறையுள்ள கருத்து எதுவும் இல்லை.

அவள் ஷோரூமில் பேசி அந்த 1,12,100 ரூபாயைப் பில்லிலிருந்து எடுக்கச் செய்துவிட்டாள். கொஞ்சம் முகம் சுளித்தார்களாம், ஆனால் எடுத்தார்கள். டெலிவரி முடிந்த மறுநாளே ஃபிலிம் ஒட்ட நேரம் வாங்கியிருக்கிறாள். ஒட்டியபின் ஒரு வாரம் வண்டியைக் கழுவக்கூடாது என்று தன் அடுக்ககத்தில் வண்டி துடைப்பவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். அந்த ஒரு வாரத்துக்கான பணத்தை அவருக்குக் குறைத்துவிடாதே என்று மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன்.