நம் இலங்கைப் பெண்கள் கால்பந்து அணிக்கும் கொழும்பில் ஒரு நான்கு நாடுகள் சுற்றுப்போட்டி வையுங்கள்

2025 மே கடைசியில் ஜோர்தானின் அம்மான் நகரில் ஒரு சின்னச் சுற்றுப்போட்டி நடந்தது. ஜோர்தான், இந்தோனேசியா, பங்களாதேஷ் என்று மூன்றே மூன்று பெண்கள் தேசிய அணிகள், எல்லாம் சிநேகபூர்வப் போட்டிகள். பங்களாதேஷ் இந்தோனேசியாவுடன் 0-0, ஜோர்தானுடன் 2-2 என்று சமன் செய்தது. இரண்டுமே தரவரிசையில் அவர்களைவிட மேலே இருந்த அணிகள். சரியாக ஒரு மாதம் கழித்து யாங்கோனில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று. அங்கே சொந்த மண்ணில் ஆடிய மியன்மாரை, தரவரிசையில் 70 இடங்களுக்கு மேல் முன்னால் நின்ற அணியை, இதே பங்களாதேஷ் பிள்ளைகள் 2-1 என்று வென்று வரலாற்றிலேயே முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தார்கள். இரண்டு கோலையும் அடித்தது ரிதுபர்ணா சக்மா, ரங்கமாட்டி மலைப்பகுதியிலிருந்து வந்த பிள்ளை. அதைப் பார்த்தபோது எனக்கு நம் மலையகத்துப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

"சிநேகபூர்வப் போட்டிதானே, அதில் என்ன இருக்கிறது" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

2012ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் செப்டம்பரில் தெற்காசியப் பெண்கள் கிண்ணம் இங்கே கொழும்பிலேயே நடந்தது. எட்டு நாடுகள் வந்திருந்தன, ஆப்கானிஸ்தான் உட்பட. நம் அணி அரையிறுதிக்குப் போனது, நம்மோடு ஒரே பிரிவில் இருந்த பங்களாதேஷ் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. அன்றைக்கு நாம் அவர்களுக்கு மேலே. பிறகு 2022இலும் 2024இலும் அதே கிண்ணத்தை அவர்கள் காத்மண்டுவில், நேபாள ரசிகர்கள் நிறைந்த மைதானத்தில், நேபாளத்தையே இறுதியில் வென்று தூக்கினார்கள். 2025 தகுதிச் சுற்றுக்கு நம் பெண்களும் தாஷ்கந்துக்குப் போனார்கள். நமது பிரிவில் யார் மேலே போவது என்ற சண்டை உஸ்பெகிஸ்தானுக்கும் நேபாளத்துக்கும் இடையில் 3-3 என்று போய்ப் பெனால்டியில்தான் முடிந்தது, அந்தப் பேச்சிலேயே நாம் இல்லை.

பங்களாதேஷிடம் பணம் கொட்டிக் கிடந்ததா என்றால் அதுவும் இல்லை. 2022இல் கிண்ணம் வென்று திறந்த பஸ்ஸில் டாக்கா முழுக்க ஊர்வலம் போன அணியை, அடுத்த வருஷமே ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு மியன்மாருக்கு அனுப்பக் காசு இல்லை என்று அவர்களுடைய சம்மேளனம் கையை விரித்தது. அப்படியிருந்தும் அந்த அணி கலையவில்லை. காரணம், அடியில் ஒரு அத்திவாரம் இருந்தது. 2011இல் ஆரம்பப் பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கென்றே நாடு தழுவிய ஒரு கிண்ணம் தொடங்கினார்கள், மைமன்சிங் பக்கம் கல்சிந்தூர் என்ற ஒரு கிராமத்துப் பாடசாலையிலிருந்து மட்டும் பல பிள்ளைகள் தேசிய அணி வரை வந்தார்கள். அத்திவாரம் ஒன்று, அதற்கு மேலே வெளிநாட்டு அணிகளோடு ஆடக் கிடைத்த ஆட்டங்கள் இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் அந்த அணி.

ஏன் வெளிநாட்டு அணிகளோடு ஆட வேண்டும்? கொஞ்ச நாளைக்கு முன் கொழும்பில் ஒரு மைதானத்தில் பிள்ளைகள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோல் காப்பாளர் பதினாறு வயது இருக்கும், நல்ல உயரம், பாய்ச்சலும் நல்ல பாய்ச்சல். ஓரத்திலிருந்து உயர்ந்து வரும் பந்துகளை எல்லாம் கோட்டிலேயே நின்று அழகாகப் பிடித்தாள். அப்புறம் பயிற்றுநர் தானே ஒரு பந்தை எடுத்து, ஆண்கள் அடிக்கிற வேகத்தில் வளைத்து உள்ளே அனுப்பினார். அவள் ஒரு அடி முன்னே வைத்தாள், திரும்பப் பின்னே வைத்தாள், பந்து தலைக்கு மேலால் போய்விட்டது. அவளிடம் திறமை இல்லாமல் இல்லை, அந்த வேகத்தில் ஒரு பந்து அவளுக்கு வந்ததே கிடையாது. பயிற்றுநர் ஒருவர் எத்தனை பந்துதான் அடிப்பார்? ஒரு கொரிய அணியோ வியட்நாம் அணியோ தொண்ணூறு நிமிடம் அப்படித்தான் அடித்துக்கொண்டிருக்கும். அதை முதன்முதலில் தகுதிச் சுற்றில், வெளிநாட்டில், தேசிய கீதம் முடிந்த கையோடு ஒரு பிள்ளை சந்திக்கிறாள் என்றால் பத்து கோல் விழத்தான் செய்யும். பிறகு நாமே முகநூலில் "வெட்கக்கேடு" என்று எழுதுவோம்.

வியட்நாம் 2023 உலகக் கிண்ணத்துக்கு முதல் தடவையாகப் போவதற்கு முன் ஜெர்மனிக்கே போய் ஜெர்மனியோடு ஆடி 2-1 என்றுதான் தோற்றது. பிலிப்பைன்ஸ் மாதக்கணக்கில் முகாம் போட்டு, கிடைத்த அணியோடெல்லாம் ஆடிவிட்டு, அதே உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று வென்றது. இந்தியாகூட 2025 பெப்ரவரியில் ஷார்ஜாவில் ஜோர்தான், ரஷ்யா, தென் கொரியாவோடு ஒரு சுற்றுப்போட்டி ஆடி, ஒன்றில் வென்று இரண்டில் தோற்றது. ஜூலையில் தாய்லாந்தை தாய்லாந்திலேயே 2-1 என்று வென்று ஆசியக் கிண்ணத்துக்குப் போனது. தோற்பதற்கும் ஒரு இடம் வேண்டும். புள்ளிப் பட்டியல் நம்மை வெளியே தள்ளாத ஒரு இடத்தில் தோற்றுக் கற்றுக்கொள்ளத்தான் இந்தச் சிநேகபூர்வப் போட்டிகள்.

கொழும்பில் இதை நடத்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆண்களுக்கு நடத்தினோமே! 2021 நவம்பரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சீஷெல்ஸ், மாலைதீவு, பங்களாதேஷ், நாம் என நான்கு நாடுகள் ஆடி, இறுதியில் சீஷெல்ஸிடம் பெனால்டியில் தோற்றோம். 2024 மார்ச்சில் உலகக் கால்பந்து அமைப்பான பீபாவின் தொடருக்காக பூட்டான், பப்புவா நியூ கினி, மத்திய ஆபிரிக்கக் குடியரசு வரை இங்கே வந்தன. மைதானம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, அணிகளை வரவேற்றுத் தங்கவைத்த அனுபவம் இருக்கிறது. 2023இல் ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை பீபா நம்மைத் தடை செய்து வைத்திருந்தபோது, நிர்வாகச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத பெண்கள் அணியும் சேர்ந்துதான் வீட்டில் உட்கார்ந்தது. அந்தக் கடன் இன்னும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்படவில்லை என்பதுதான் என் கருத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது நம் ஆட்களுக்கு. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் பாடசாலைக் கால்பந்தில் என்னவெல்லாம் செய்தார்கள் என்று வடக்கில் கேட்டால் தெரியும். பாடசாலை முடிந்ததும் அவர்கள் எங்கே ஆடுவது? இங்கே பெண்கள் கால்பந்தில் பலமான அணிகள் என்றால் இராணுவம், கடற்படை, விமானப்படை. சம்பளமும் பயிற்சியும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். வடக்கிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் அவள் வீட்டாருக்கும் அந்த வாசல் எவ்வளவு தூரம் என்று நான் விளக்கத் தேவையில்லை. படைகளுக்கு வெளியே கழகங்கள் வளர வேண்டும், அதற்கு அனுசரணையாளர்கள் வர வேண்டும், அவர்கள் வருவதற்குக் கண்ணில் படுகிற மாதிரி ஒரு போட்டி உள்ளூரில் நடக்க வேண்டும்.

கொழும்பில் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் மாளிகாவத்தையிலும் மருதானையிலும் "தலையை மூடிக்கொண்டு ஆட விடுவார்களா" என்று கேட்கிற தாய்மார் இருக்கிறார்கள். 2011இல் இதே அம்மானில் ஈரான் பெண்கள் தலையை மூடியிருந்ததற்காகவே ஜோர்தானுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிப் போட்டியை ஆட விடாமல் தடுக்கப்பட்டார்கள். அதற்கெதிராகப் பலர் குரல் கொடுத்து, 2014இல் விதி முழுமையாக மாறியது. இப்போது தாராளமாக ஆடலாம். அப்படி ஆடும் ஒரு அணியை, மாலைதீவையோ ஜோர்தானையோ, நம் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் எந்த விளக்கமும் தேவைப்படாது.

எனவே என் கோரிக்கை இதுதான். பெண்களுக்கான அடுத்த பீபா சர்வதேசப் போட்டிக் காலங்களில் ஒன்றில் மாலைதீவு, பூட்டான், இந்தோனேசியா என்று நமக்கு எட்டக்கூடிய மூன்று அணிகளை அழையுங்கள். போட்டியைப் பகல் வெயிலில் வைக்காமல் விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள், வார நாளில் என்றால் பாடசாலை விட்டு வரக்கூடிய நேரமாகப் பாருங்கள். பாடசாலை மாணவிகளுக்கு நுழைவுச்சீட்டு இலவசம் என்று அறிவியுங்கள். கொழும்பில் வியாபாரம் செய்கிற நம் ஆட்கள் தெல்லிப்பழையிலிருந்து ஒரு பஸ், ஹட்டனிலிருந்து ஒரு பஸ், மட்டக்களப்பிலிருந்து ஒரு பஸ் என்று பொறுப்பெடுக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்பவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்துக்குக் கடிதம் எழுதும்போது அந்தப் பட்டியலையும் சேர்த்தே அனுப்புகிறேன்.