கலங்கிய ஏரி கரையில் நிற்பவனுக்குத்தான்

ஜனவரி பிறந்து நாலு நாள் அடைமழை பெய்தால் போதும், எங்கள் ஜார்ஜியா பக்கத்துத் தூண்டில்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்துவிடுவார்கள். "லேனியர் ஏரி முழுக்க செம்மண்ணா ஓடுது, தண்ணி வேற மேல ஏறிடுச்சு, இனி மார்ச்ல பாத்துக்கலாம்." ராடு, ரீல் எல்லாவற்றையும் துடைத்து கராஜில் சாய்த்துவிடுவார்கள். நம் தமிழ் நண்பர்கள் குழுவிலும் இதே கதைதான். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். குளிர்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கிக் கிடக்கும் நாட்கள்தான், படகில்லாமல் கரையில் நின்று பாஸ் என்கிற நன்னீர் வேட்டை மீனுக்குத் தூண்டில் போடுகிறவனுக்கு வருஷத்திலேயே நல்ல நாட்கள். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஏரியைப் பற்றி. அட்லாண்டாவுக்கு வடக்கே சட்டஹூச்சி ஆற்றை பியூஃபோர்ட் அணையால் மறித்து 1950களில் உருவாக்கியது லேனியர். சுமார் 38,000 ஏக்கர். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஏரியின் முழு நீர்மட்டம் கோடையில் கடல்மட்டத்துக்கு மேல் 1,071 அடி, குளிர்காலத்தில் 1,070. அதற்கு மேல் 1,085 அடி வரைக்கும் உள்ள இடம் வெள்ளத்தைத் தேக்கிவைப்பதற்காகவே விடப்பட்டது. கீழே ஆற்றில் தண்ணீர் வடியும்வரை அணையில் நிறுத்திவைத்து, பிறகு மெல்லத் திறந்துவிடுவார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் "ஏன் இவ்வளவு தண்ணியை வைத்திருக்கிறார்கள்" என்று திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆற்றோரம் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்காகவும்தான் அந்த அணை நிற்கிறது. நமக்கு மீன் கிடைப்பது கூடுதல் லாபம்.

கலங்கலுக்குக் காரணம் இந்த ஊர் மண். வடக்கு ஜார்ஜியா முழுக்க இரும்புச்சத்து ஏறிய சிவப்புக் களிமண். ஒரு காலத்தில் பருத்தி போட்டுப் போட்டு மேல்மண் அரித்துப் போய், அடியிலிருந்த செங்களி வெளியே வந்துவிட்டது. அதன் துகள்கள் மிக நுண்ணியவை, லேசில் அடியில் படியாது. அதிலும் தண்ணீர் குளிரக் குளிர அதன் பிசுக்குமை கூடுவதால், குளிர்காலத்துக் கலங்கல் கோடைக் கலங்கலைவிட மெதுவாகத்தான் தெளியும். ஜனவரியில் ஒரு பெருமழை என்றால் மேல்பகுதி ஓடைகளில் வாரக்கணக்கில் தண்ணீர் சிவந்தே கிடக்கும். அத்தனை நாளும் வீட்டில் உட்கார்ந்திருந்தால் குளிர்காலமே முடிந்துவிடும்.

சரி, தெளிந்த தண்ணீரில் குளிர்காலம் எப்படி இருக்கும்? பாஸ் மீன்கள் சிறுமீன் கூட்டத்தைத் தொடர்ந்து முப்பது அடி, நாற்பது அடி ஆழத்துக்குப் போய்விடும். அங்கே எட்ட வேண்டுமென்றால் படகு வேண்டும். படகு மட்டும் இருந்தால் போதுமா? 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் என்ற சோனார் கருவி (ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாகக் காட்டுவது) வந்த பிறகு, படகுக்கு முன்னால் இருபது அடி ஆழத்தில் மீன் திரும்புவதைக்கூடத் திரையில் பார்த்துக்கொண்டே இரையை இறக்குகிறார்கள். அந்தச் சாதனம், பேட்டரி, திரை எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான டாலர். போட்டி நடத்துபவர்களே இதைப் பார்த்துக் கவலைப்பட்டு, பாஸ் ப்ரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் 2025 முதல் அதைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நான் அந்தச் சாதனத்துக்கு எதிரி இல்லை. ஆனால் புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிற ஒரு பையன், இவ்வளவு செலவில்லாமல் குளிர்காலத்தில் மீன் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

கலங்கல் வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. சோனார் ஒலியால் வேலை செய்வது, அதனால் சேறு அதன் கண்ணைக் கட்டிவிடாது. ஆனால் இரண்டடித் தண்ணீரில் முங்கிய புதருக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கிற மீனை எந்தத் திரையும் பிரித்துக் காட்டாது. மீன் அங்கே ஏன் வருகிறது என்பதுதான் விஷயமே.

பாஸ் முதன்மையாகக் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். பார்வை ஓரடிக்குக் குறைந்துவிட்டால் அது திறந்த வெளியில் அலையாது. ஏதாவது ஒரு பொருளை ஒட்டி நிற்கும்: மரத்தூர், பாறை, படகுத்துறைக் கால், முங்கிய புதர். உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக்கோட்டால் பக்கத்தில் எது அசைந்தாலும் தெரிந்துகொள்ளும். தண்ணீர் ஏறும்போது கரையோரத்து மண்புழு, பூச்சி எல்லாம் தண்ணீருக்குள் வரும், சிறுமீன் அதைத் தேடிப் போகும், பாஸ் சிறுமீனைத் தேடிப் போகும். நம் ஊரில் புதுத்தண்ணி வந்ததும் கெளுத்தியும் குரவையும் வயலுக்கு ஏறிவருமே, அதே நியாயம்தான் இங்கேயும். கூடவே இன்னொன்று: கலங்கிய தண்ணீர் வெயிலை மேலடுக்கிலேயே உறிஞ்சிக்கொள்ளும். தெற்குப் பார்த்த ஒரு கரையில், ஆழமில்லாத செந்தண்ணீர் பிற்பகல் இரண்டு மணிக்கு மற்ற இடத்தைவிட இரண்டு மூன்று டிகிரி பாரன்ஹீட் கூடுதலாக இருக்கும். 48 டிகிரியில் (சுமார் 9 செல்சியஸ்) மந்தமாகக் கிடக்கும் ஒரு மீனுக்கு அது பெரிய வித்தியாசம்.

இதனால் மொத்த ஏரியும் சுருங்கி கரையோரத்து ஒரு பட்டையாக ஆகிவிடுகிறது. படகுக்காரன் நாற்பதடி ஆழத்தில் தேட வேண்டிய மீன், ரப்பர் பூட்ஸ் போட்டவன் காலடிக்கே வந்துவிடுகிறது.

எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்கிலிருந்து வரும் மிதமான மழை ஏரியைச் சூடாக்கும். அதற்கடுத்த நாட்கள் அருமையானவை. வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்து, உறைபனிக்குப் பக்கத்தில் பெய்கிற மழை ஓடை வழியாக இறங்கினால், தண்ணீரின் சூடு சட்டென்று விழும். அன்றைக்கும் மறுநாளும் நானே போக மாட்டேன். அதேபோல மட்டத்தையும் பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது மீன் புது விளிம்பைத் தேடி உள்ளே வந்துகொண்டிருக்கும். நிலையாக நின்றுவிட்டால், அதிலும் இரண்டு மூன்று நாள் வெயிலோடு நின்றால், அதைவிட நல்லது இல்லை. அணையைத் திறந்து மட்டம் இறங்க ஆரம்பித்தால் மீன் முதலில் புதரை விட்டு வெளியேறி அடுத்த சரிவுக்குப் போய்விடும். காலையில் மீன் இருந்த புதர் மாலையில் காலியாகக் கிடக்கும். ஏரி மட்டம் தினமும் இணையத்தில் வருகிறது. வானிலையைப் பார்க்கிறோமோ இல்லையோ, அந்த எண்ணைப் பாருங்கள்.

இடம் என்று கேட்டால், ஏரியின் வடக்கு முனைக்குப் போங்கள். கெயின்ஸ்வில் பக்கம் டான் கார்ட்டர் மாநிலப் பூங்கா இருக்கிறது. 1996 ஒலிம்பிக் படகுப் போட்டிகள் நடந்த கிளார்க்ஸ் பிரிட்ஜ் பக்கத்து ஆற்றுக்கிளையும் அந்தத் திசைதான். தெற்கே அணைப்பக்கம் தெளிந்து கிடக்கும்போதும் இங்கே சிவந்திருக்கும். லார்ஜ்மவுத் (பெரிய வாய்) வகைப் பாஸ் அதிகம் புழங்குவதும் இந்தப் பக்கம்தான். கரை சரியாமல் இருக்கக் கொட்டிவைத்த கருங்கல் வரிசை எங்கே இருந்தாலும் விடாதீர்கள். கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், அதன் இடுக்கில் நண்டு வகைகள் இருக்கும். 2014 பிப்ரவரியில் அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியில் நடந்த பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் போட்டியில் ராண்டி ஹவல் பதினோராம் இடத்திலிருந்து கடைசி நாளில் ஐந்து மீன்களில் 29 பவுண்டுக்கு மேல் பிடித்து வென்றாரே, அது ஒரு பாலத்தோரத்துக் கல்வரிசையில்தான். அவர் படகில் இருந்தார் என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கல்வரிசைக்கு நடந்தும் போகலாம்.

இதற்கு எதிராக 2015 கிளாசிக்கைச் சிலர் காட்டுவார்கள். ஹார்ட்வெல் ஏரியில், கடுங்குளிரில், கேசி ஆஷ்லி ஆழத்தில் இருந்த மீனைப் பிடித்துத்தான் வென்றார் என்பார்கள். சரிதான். தெளிந்த தண்ணீரில் அதுதான் வழி. நான் சொல்வது செந்தண்ணீர் நிறைந்த ஓடை வாயைப் பற்றி.

பெட்டி நிறைய சாமான் தேவையில்லை. மூன்று செயற்கை இரைகள் சொல்கிறேன். கறுப்பும் நீலமும் கலந்த ஒரு ஜிக் (ஈயத் தலை வைத்து அடித்தரையில் நகர்த்துவது), கிலுகிலுப்பு உள்ளதாக. பெரிய வட்டத் தகடு சுழலும் ஒரு ஸ்பின்னர்பெய்ட். செம்பழுப்பு நிறத்தில், இழுத்தால் ஆடிக்கொண்டே முங்கும் ஒரு கிராங்க்பெய்ட். இந்த மூன்று போதும். கலங்கலில் மீன் கண்ணுக்குத் தூண்டில் நரம்பு தெரியாது என்பதால் 20 பவுண்டு தாங்கும் நரம்பைத் தைரியமாகப் போடலாம். புதருக்குள்ளிருந்து இழுக்க அது வேண்டும். அப்புறம் பொறுமை. ஒரே தூரின் வலப்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம் என்று திரும்பத் திரும்பப் போட வேண்டும். இரை மீனின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் போனால் அதற்கு இரை வந்ததே தெரியாது.

குளிர்த்தண்ணீரில் மீன் இரையை எடுப்பதைக் கவனித்துப் பழக வேண்டும். வெட்டி இழுக்காது. ஜிக்கை அடித்தரையில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே வரும்போது நரம்பின் கனம் லேசாகக் கூடும், அல்லது இருந்த கனம் காணாமல் போகும். சில சமயம் நரம்பு தண்ணீரைத் தொடும் இடம் ஒரு விரற்கடை பக்கவாட்டில் நகரும், அவ்வளவுதான். அந்த நொடியில் கோலைத் தூக்கினால் மறுமுனையில் உயிர் இருக்கும். மேலே வருகிற மீனைப் பார்த்தால் முதல்முறை ஆச்சரியமாக இருக்கும். தெளிந்த தண்ணீர் பாஸுக்கு இருக்கிற கரும்பச்சைப் பட்டை இருக்காது. வெளுத்து, கிட்டத்தட்ட தந்த நிறத்தில் இருக்கும். தொட்டால் பனிக்கட்டிக் குளிர். தாடையைப் பிடித்த கட்டைவிரலில் செம்மண் கறை அப்பிக்கொள்ளும்.

"குளிரில் பெரிய மீன் வாயைத் திறக்காது" என்பவர்களுக்கு ஒரே பதில்: டெக்சாஸ் மாநிலத்தின் பாஸ் சாதனை 18.18 பவுண்டு, லேக் ஃபோர்க்கில் பாரி செயின்ட் கிளேர் பிடித்தது, தேதி 1992 ஜனவரி 24. "நல்ல சாமான் இல்லாமல் பெரிய மீனா" என்பவர்களுக்கு எங்கள் ஜார்ஜியாவே பதில் சொல்லும். 1932 ஜூனில், மழையால் வயல் வேலை இல்லாத ஒரு நாளில், ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி ஆற்றோரத்து மான்ட்கமரி ஏரியில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனின் உலகச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார். பெர்ரியிடம் அன்றைக்கு இருந்தது நண்பரோடு பகிர்ந்துகொண்ட ஒரே ஒரு கோல்.

பிடித்த பெரிய மீனை விட்டுவிடுங்கள் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் கையில் கனக்கிற மீன் பெரும்பாலும் வசந்தத்தில் இடப்போகும் முட்டையைச் சுமக்கும் பெண்மீன். உறைகிற காற்றில் அதிக நேரம் வெளியே வைத்து போட்டோ எடுக்காதீர்கள். கண்ணும் செவுளும் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். உயிர்காப்பு ஜாக்கெட்டைப் படகில் போகிறவர்கள் மட்டும் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். தண்ணீர் ஏறி ஊறிய செங்களிக் கரை எந்த நேரமும் காலுக்கடியில் வழுக்கும். குளிர்த்தண்ணீரில் விழுந்தவனுக்கு முதல் ஒரு நிமிஷம் மூச்சு அவன் வசத்தில் இருக்காது. சுமார் பத்து நிமிஷத்தில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது. நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இதை 1-10-1 என்று இங்கே பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீச்சல் தெரிந்தவரும் அந்த முதல் நிமிஷத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுகிறார். ஜாக்கெட் இருந்தால் அந்த நிமிஷத்தைத் தாண்டிவிடலாம். ஆகவே கரையில் நின்றாலும் போட்டுக்கொள்ளுங்கள். புதர் கிட்டத்தில்தானே இருக்கிறது என்று தண்ணீருக்குள் இறங்கி நடக்காதீர்கள். போன வாரம் தரையாக இருந்த இடத்தில் இப்போது எங்கே குழி என்று கண்ணுக்குத் தெரியாது. முங்கிய படகுத்துறைப் பக்கம் போகவே வேண்டாம், அங்கே மின்சார இணைப்பு இருக்கலாம். படகு வைத்திருப்பவர்கள் மிதக்கும் கட்டைகளுக்குப் பயந்து மெதுவாகப் போங்கள். 2021 ஏப்ரல் முதல், 26 அடிக்குக் குறைவான படகுகளில் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மாட்டிக்கொள்வது கட்டாயம். நம் ஆட்கள் நிறையப் பேர் அதைச் சும்மா தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கிறேன். படகு ஒரு கட்டையில் மோதி நீங்கள் தூக்கி எறியப்பட்டால், எஞ்சினை நிறுத்த அந்தக் கயிறு மட்டும்தான் இருக்கிறது.

இப்போது மழை விட்டுவிட்டது, மட்டமும் ஏறுவது நின்றுவிட்டது. வார இறுதி வரைக்கும் வெயில் என்கிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் (அதற்கு முன்னால் போய்ப் பிரயோஜனமில்லை, தண்ணீர் சூடேற வேண்டும்) வடக்கு முனையில் இருப்பேன். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மீன்பிடி உரிமம் எடுத்துவிட்டு வாருங்கள். ராடு இல்லாதவர்களுக்கு நான் கொண்டுவருகிறேன். ஜாக்கெட்டும் கூடுதலாக இருக்கிறது, அளவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.