வேகத்தைக் குறைத்ததில்தான் பிழை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், மலையகத்தில் ஹட்டன் பக்கம் இருக்கிற காசல்ரீ நீர்த்தேக்கத்தில் என் மாமாவின் வள்ளம் கவிழப் பார்த்தது. உள்ளே நானும் இருந்தேன். கவிழ்க்கப் பார்த்தவன் குடித்துவிட்டு வந்த ரவுடி என்றால் இந்தப் பதிவு நாலு வரியில் முடிந்திருக்கும். அவன் நல்ல பையன். எங்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி, மரியாதையாக வேகத்தையும் குறைத்தான். அந்த மரியாதையால்தான் வள்ளத்துக்குள் தண்ணீர் வந்தது.

முழுதாகச் சொல்கிறேன். மாமா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷமாக வலை போடுகிறார். சாயங்காலம் வலையை விட்டுவிட்டு வந்து, விடியற்காலையில் போய் எடுப்பார். திலாப்பியாவும் கெண்டையும் கிடைக்கும். அன்றைக்குப் பனிமூட்டம் கலையவே இல்லை. எட்டு மணிக்கும் எதிர்க்கரைத் தேயிலை தெரியவில்லை. "கண்ணு தெரியாம தண்ணியில இறங்கக்கூடாது தம்பி" என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து லீவில் வந்த நானும் கூட உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினோம். அந்த நேரத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தது. வாடகைக்கு விடும் ஸ்பீட் போட், பங்களாக்களில் தங்கியவர்களின் துடுப்புப் படகு, தூண்டிலோடு வந்த ஹட்டன் பையன்கள், அக்கரைக்குச் சாமான் கொண்டுபோகிற போட் என்று எல்லாம் ஒரே தண்ணீரில்.

வலை இழுக்கிறபோது ஆள் எப்படி நிற்பான் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். வள்ளம் நிற்கும், ஆனால் சும்மா நிற்காது. வலையின் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்கிறவனும் அதே பக்கம் சாய்ந்திருப்பான், மீனைக் கழற்றுகிறவனும் அந்தப் பக்கம்தான் குனிந்திருப்பான். ஆகவே விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. இரண்டு கையிலும் வலை இருக்கும். துடுப்பு எட்டாது. அந்த நேரத்தில் வள்ளம் என்பது கதவு திறந்து கிடக்கிற வீடு மாதிரி.

அப்போதுதான் அந்த ஸ்பீட் போட் வந்தது. ஐந்து பேர் உள்ளே, பாட்டு வேறு. எங்களுக்கு இருபது மீட்டர் பக்கத்தில் வந்ததும் ஓட்டுகிற பையன் கையைத் தூக்கிவிட்டுச் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். போட்டின் மூக்கு மேலே எழும்பியது, பின்பக்கம் தண்ணீருக்குள் அமுங்கியது. அதற்குப் பிறகு வந்த அலையை நான் கடலில்கூட அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முதல் அலை எங்களைத் தூக்கியது, இரண்டாவது விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. மாமா வலையை விட்டுவிட்டுச் சட்டென்று நடுவில் உட்கார்ந்தார், என்னையும் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். கணுக்கால் வரை தண்ணீர். மூன்றாவது அலை கரையின் பாறையில் மோதித் திரும்பி, மறுபக்கத்திலிருந்து வந்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மாமா கத்தவில்லை. "மல்லி, ஹெமின் யன்ன" என்று சிங்களத்தில் சொன்னார். தம்பி, மெதுவாகப் போ. பையனுக்கு முகம் வாடிவிட்டது. "ஹெமின் தமய் ஆவே அங்கிள்" என்றான். மெதுவாகத்தானே வந்தேன் என்கிறான். அவன் பார்வையில் அது உண்மை.

இதைத்தான் நான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பீட் போட் முழு வேகத்தில் போகும்போது தண்ணீரின் மேல்மட்டத்தில் ஏறி வழுக்கிக்கொண்டு போகிறது. நடக்கிற வேகத்தில் போகும்போது தண்ணீரை மெல்ல விலக்கிக்கொண்டு போகிறது. இரண்டிலும் அலை பெரிதாக இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்கிறது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தை அமுக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிற வேகம். மிகப் பெரிய அலை அங்கேதான் பிறக்கிறது. வேகத்தைக் குறைக்கிற ஒவ்வொரு போட்டும் அந்த நடுக்கட்டத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கே தாண்டுகிறது என்பதுதான் கேள்வி. எங்களுக்கு நூறு மீட்டர் முன்னாலேயே தாண்டியிருந்தால் அலை எங்களிடம் வருவதற்குள் பாதி செத்திருக்கும். எங்கள் மூக்குக்குக் கீழே தாண்டினால், குறைக்காமலே போயிருக்கலாம்.

வேகத்தைக் குறைக்கச் சொல்லி அறிவுரை சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கே குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை. போட்டை வாடகைக்கு விடுகிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. இரண்டு மொழியில்தான் இருக்கிறது, தமிழ் இல்லை, அது வேறு கதை. அதில் "மெதுவாகச் செல்லவும்" என்பதற்கு மேல் ஒரு வரியும் கிடையாது.

பையனிடம் பிறகு கரையில் பேசினேன். கிழமை நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறான், சனி ஞாயிறுக்குப் போட். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் இப்படித்தான். ரோட்டில் நல்ல ஓட்டக்காரன் தண்ணீரிலும் நன்றாக ஓட்டுவான் என்று நினைக்கிறோம். ஆனால் ரோட்டுப் பழக்கம் தண்ணீரில் நேர்மாறாக வேலை செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் ரோட்டில் இடப்பக்கம். கடலில் உலகம் முழுக்க, எதிரும் புதிருமாக இரண்டு போட் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். 1972 இல் வகுத்த சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் உள்ளது இது. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் பிரச்சினை இல்லை, இருவரும் இடப்பக்கம் ஒதுங்கித் தப்பிவிடுவார்கள். ஒருவன் ஆட்டோக்காரனாகவும் மற்றவன் நீர்கொழும்பில் கடல் பார்த்தவனாகவும் இருந்தால்தான் ஆபத்து. ஒருவன் தன் இடப்பக்கமும் மற்றவன் தன் வலப்பக்கமும் மரியாதையாக ஒதுங்க, இரண்டு போட்டும் ஒரே பக்கம் போய் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும்.

அந்த விதிகள் கடலுக்கும், கடலோடு சேர்ந்த, கப்பல் போகிற தண்ணீருக்கும் எழுதியவை. மலைக்கு மேலே அடைத்து வைத்த எங்கள் தண்ணீருக்குப் பொருந்தாது என்று ஒருவர் வாதாடலாம். சரி, வாதாடட்டும். ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் பழக வேண்டும் என்றால், உலகம் ஏற்கெனவே பழகிய பக்கத்தை எடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அதே விதிகளில் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. வலை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கிற படகுக்கு, இஞ்சினில் ஓடுகிற படகு விலக வேண்டும். வலை திரும்பாது, இஞ்சின் திரும்பும், அவ்வளவுதான் காரணம். ஆனால் ஓடுகிற போட்டின் பின்னால் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் நினைத்தபடி திரும்ப முடியுமே. "நாங்களும் மீன்தானே பிடிக்கிறோம்" என்று சண்டைக்கு வருகிற ஹட்டன் தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மாமா கோபித்தாலும் பரவாயில்லை.

வலைக்கு அடையாளமாக நாங்கள் கட்டுவது காலி சோடாப் போத்தல். அதன் நிறம் என்ன? தண்ணீரின் நிறம். பனியில் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. ஸ்பீட் போட்காரன் அதன் மேல் ஏறினால் வலை இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், இஞ்சின் சட்டென்று நிற்கும், பின்னாலிருந்து வந்த அவனுடைய சொந்த அலையே அவன் போட்டுக்குள் ஏறும். எங்கள் வலை போனதற்கு நாங்கள் திட்டுவோம். அவன் ஆள் போயிருந்தால்? மாலை இருட்டில் டார்ச்கூட இல்லாமல் வலை விடப் போகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். பேட்டரி தீர்ந்துபோகும் என்று கைபேசி வெளிச்சத்தைக்கூட அணைத்து வைப்பார்கள். தடைசெய்த தங்கூசி வலையை, அதாவது ஒற்றை நைலான் இழை வலையை, இன்னும் விடுகிறவர்களைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் யாரையும் எளிதில் குறை சொல்ல மாட்டேன். மாமா ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். அவர் சட்டையைக் காட்டினார். பொத்தான் இல்லாத பனியன். வலை இழுக்கிறவன் பொத்தான் வைத்த சட்டைகூடப் போட மாட்டான், கண்ணி மாட்டிக்கொள்ளும். வலையில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனவனுக்கு நீச்சல் தெரிந்தும் பிரயோசனமில்லை. பட்டி, கொக்கி, வளையம் என்று தொங்குகிற ஜாக்கெட்டை அவன் எப்படிப் போடுவான்? வெளிப்பக்கம் எதுவும் தொங்காத ஜாக்கெட்டுகள் கடைகளில் உண்டு, விலைதான் கைக்கு எட்டவில்லை. ஆனால் சுற்றுலாப் போட்டில் அந்தச் சாக்கு செல்லாது. அங்கே ஜாக்கெட் இருக்கிறது. அதை மடித்து உட்காருகிற மெத்தையாக்கி வைத்திருக்கிறார்கள். போட்டவர்களும் கொக்கியை மாட்டுவதில்லை. மாட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று மிதக்கும், ஆள் கீழே போவான். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஆளின் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் படம் எடுத்த ஒரு அப்பாவையும் அன்றைக்குப் பார்த்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீரின் கரையில் பிறந்து வளர்ந்த எங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு கையின் விரல் போதும் எண்ண. சின்ன வயதில் தண்ணீர்ப் பக்கம் போனால் அடி விழும். அந்த அடி எங்களைக் காப்பாற்றியது, அதே அடி நீச்சலையும் தரவில்லை.

இன்னொன்று, இது இயற்கையான ஏரி இல்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 இல் மின்சாரத்துக்காகக் கட்டியது. இங்கிருந்து போகிற தண்ணீர்தான் நோர்ட்டன்பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. ஆகவே மட்டம் மழைக்கும் மின்சாரத் தேவைக்கும் ஏற்ப ஏறி இறங்கும். போன மாதம் போட் தாராளமாகப் போன இடத்தில் இந்த மாதம் மரக்கட்டை தலை நீட்டும், அல்லது நீட்டாமல் ஒரு சாண் கீழே நிற்கும். அதுதான் மோசம். பக்கத்து மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மட்டம் இறங்கினால், 1969 இல் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் வெளியே வந்துவிடும். அதைப் பார்க்க சனம் அள்ளிக்கொண்டு போகும். எட்டுப் பேர் போகிற போட்டில் பதினாலு பேர். கும்பிடப் போகிறோம் என்ற நினைப்பில் பாரத்தை யாரும் எண்ணுவதில்லை. நுவரெலியா கிரகரி வாவியில் ஏப்ரல் சீசனுக்கு இதைவிடக் கூட்டம் என்றாலும் அங்கே கண்காணிக்க ஆள் இருக்கிறது. எங்கள் பக்கம் கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆள் வைக்கட்டும், மிதவை கட்டி வழி பிரிக்கட்டும், பலகையில் தமிழையும் போடட்டும். எல்லாம் வேண்டும். ஆனால் அது வரும் வரை நாங்கள் சும்மா இருக்க முடியாது என்று மாமாவும் அந்தப் பையனும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தேத்தண்ணிக் கடையில், பிளேன்டியும் வடையுமாக. மாமா போத்தல்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பார், ஒவ்வொரு வலையின் இரண்டு முனையிலும் மூங்கில் குச்சியில் துணி கட்டுவார். பையன் சிவப்பைக் கண்டதும் நூறு மீட்டருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைப்பான், இல்லை என்றால் அந்த ஓரத்துக்கே வராமல் நடுவால் போவான். இஞ்சினை நிறுத்துகிற சிவப்புக் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளச் சொன்னதற்கு மட்டும் சிரித்தான். அவன் அதை லீவரில் சுற்றி வைத்திருக்கிறான். அவன் தண்ணீரில் விழுந்தால் போட் ஆளில்லாமல் வட்டமடித்து அவன் மேலேயே வரும் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. கட்டுவானா என்று தெரியாது.

நேற்று மாமா போன் எடுத்தார். பெயின்ட் அடித்தாயிற்றாம். மிச்சம் இருந்த பெயின்டை அத்தை கோழிக்கூட்டுக் கதவுக்கு அடித்துவிட்டாராம். வருகிற போயா விடுமுறைக்குக் காசல்ரீ பக்கம் போட் எடுக்கிறவர்களுக்கு: வலை பழைய இடத்தில்தான், மூங்கில் புதருக்கு நேரே, கரையிலிருந்து ஐம்பது அடி. சிவப்புப் போத்தல்.