புள்ளி வைத்தால் பெண்பிள்ளையா?

வெள்ளிக்கிழமை முன்பள்ளி விழாவில் நடந்ததை இங்கே பலர் நேரில் பார்த்தீர்கள். சிலர் கைத்தொலைபேசியில் எடுத்தும் வைத்திருக்கிறீர்கள். பொறிவண்டு வேஷத்தில் மேடையேறிய என் மருமகனைப் பெண்பிள்ளை என்று பகிடி செய்தார்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. பொறிவண்டு பெண்பிள்ளை வேஷம் அல்ல. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர், "இது ஆண்பிள்ளையா? தலையில் பூவும் வைத்துவிட்டிருக்கலாமே" என்றார். பந்தலே சிரித்தது. என் மருமகன் மேடையிலேயே ஒரு சிறகைக் கழற்றினான். அதை வெட்டியவன் நான். திருகோணமலை மத்திய வீதியில் சிவப்பு வர்ணம் வாங்கி, இரண்டு இரவு விழித்து, பக்கத்துக்கு மூன்று, இரு சிறகும் சேரும் இடத்தில் ஒன்று என்று ஏழு புள்ளியையும் கணக்காக வைத்தேன். ஏழுபுள்ளி வண்டுக்கு அப்படித்தான் இருக்கும்.

"லேடிபேர்ட் என்ற ஆங்கிலப் பெயரிலேயே லேடி இருக்கிறதே" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். ஐயா, அந்த லேடி மாதா. அவரது சிவப்பு மேலாடையையும் ஏழு வியாகுலங்களையும், அதாவது துயரங்களையும், நினைத்து ஐரோப்பியர் வைத்த பெயர். ஜெர்மன்காரர் நேராகவே மரியாளின் வண்டு என்கிறார்கள். நம் புனித மரியாள் பேராலயத்துக்குப் போகிறவர்களிடம் வியாகுலம் எத்தனை என்று கேட்டுப்பாருங்கள். தமிழில் பொறி என்றால் புள்ளி. அதில் அம்மாவும் இல்லை, ஐயாவும் இல்லை. புள்ளி இருந்தாலே பெண் என்றால், பிரெட்ரிக் கோட்டையில் திரியும் புள்ளிமான்களெல்லாம் கொம்பு முளைத்த அக்காமாரா?

1998இல் வந்த 'எ பக்ஸ் லைஃப்' படத்தில் பிரான்சிஸ் என்றொரு பொறிவண்டு. ஆண். பார்க்கிறவர்கள் பெண் என்று நினைப்பதும், அவன் எரிந்து விழுவதும்தான் அங்கே நகைச்சுவை. நம் பந்தலில் இருந்தவர்கள் அந்தப் படத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கலாம்.

சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டாலின் 1961ஆம் ஆண்டுக் கதையில் வருவது பெண் வண்டு, 2015இல் தொடங்கிய பிரெஞ்சு கார்ட்டூனின் நாயகியும் சிறுமி என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அதனால் என்ன? மருமகன் அவற்றைப் பார்த்து ஆசைப்படவில்லை. எரிக் கார்ல் 1977இல் வெளியிட்ட சிறுவர் படப் புத்தகத்தின் சிடுமூஞ்சி வண்டுதான் அவனுக்கு உயிர். தன்னைவிடப் பெரிய ஒவ்வொரு பிராணியிடமும் சண்டைக்கு நின்று, கடைசியில் திமிங்கிலத்தின் வாலில் அடி வாங்கும் வண்டு. அந்த முகத்துக்காக ஒரு கிழமை கண்ணாடி முன் பழகினான். மேடையில் அவன் முகத்தைச் சுளித்தது அழுகை அல்ல. முதலில் அல்ல.

"பகிடிதானே, இதைப் போய்ப் பெரிதாக்குவதா?" என்பவர்களுக்கு என்ன சொல்வது? பகிடி விட்டவருக்கு அது பகிடி.

புத்தகங்களிலும் குறை உண்டு. எல்லாப் பொறிவண்டும் செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் நல்ல பிள்ளை என்று படம் போடுகிறார்கள். நானும் நம்பினேன். உப்புவெளியில் அம்மம்மாவின் வளவில் கத்தரி இலையில் இருந்த வண்டுகளை விரட்டாமல், இவை நம் காவல்காரர் என்று பெருமையாகக் காட்டினேன். இலை சல்லடையாக இருந்தது. அவை இருபத்தெட்டுப் புள்ளி இனம், இலை தின்னி. அம்மம்மா முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "படிக்கிற பிள்ளை, எண்ணிப் பார்க்கமாட்டாயா?" என்றார். அந்த அடி வலிக்கவில்லை.

வலித்தது வேறு. நாலாம் வகுப்பில் நாடகத்துக்கு மயிலாக ஆடினேன். ஆண் மயிலுக்குத்தான் தோகை, அதுகூடத் தெரியாமல் ஒரு வகுப்பே வருடம் முழுவதும் என்னை 'மயிலம்மா' என்றது. அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் ஏறியதில்லை, அக்காவின் கலியாணத்தில் படம் எடுக்கக்கூட. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லி எழுதவில்லை. கேட்டாலும் மருமகனுக்கு அது புரியாது.

சிறகுகள் அலுமாரிக்கு மேலே கிடக்கின்றன. அடுத்த வருடம் யானையாகப் போகிறானாம். யானை ஆணா பெண்ணா என்று யாரும் கேட்கமாட்டார்களா என்று நேற்று இரவு இரண்டு தடவை என்னிடம் கேட்டான்.