"உருளைக்கிழங்கு இல்லேன்னா வேற எதையாவது தின்ன வேண்டியதுதானே"

தலைப்பு என்னுடையது இல்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி வந்த பெரும் பஞ்சத்தை நினைவூட்டும் ஒரு பலகையை ஞாயிற்றுக்கிழமை படமெடுத்துப் போட்டிருந்தேன், அதற்குக் கீழே வந்த கமெண்ட். பார்த்தவர்களுக்கு யார் எழுதியது என்று தெரியும், நான் பெயர் சொல்லப் போவதில்லை. கூடவே ஐந்து சிரிப்புப் பொம்மைகள். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் இதே லிவர்பூலில், தை மாதம் என்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டவர்கள்.

சரி, கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

ஐரிஷ் பஞ்ச நடைவழி என்று இந்த ஊரில் ஒன்று இருக்கிறது. வழிகாட்டி வேண்டாம், டிக்கெட் வேண்டாம். போனில் வரைபடத்தைத் திறந்துகொண்டு, பஞ்ச காலத்து இடங்கள் வழியாக நம் பாட்டுக்கு நடக்கலாம். நைட் டியூட்டி முடிந்த காலைகளில் துண்டு துண்டாக நடந்து முடித்தேன். நான் போட்ட படம் ரீஜென்ட் சாலையில் கிளாரன்ஸ் துறை வாசலில் எடுத்தது. நீளமான கருங்கல் மதில், அதில் ஒரு பலகை. 1845 முதல் 1852 வரை பஞ்சத்துக்குத் தப்பி லிவர்பூலுக்குக் கப்பலேறி வந்த 13 லட்சம் ஐரிஷ்காரர்களில் பெரும்பாலோர் இந்த வாசல் வழியாகப் போனார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. கால்பந்து பார்க்கப் போகும் கூட்டம் அதே மதிலை ஒட்டித்தான் போகிறது. கமெண்ட் போட்ட தம்பி, நீங்களும் போயிருப்பீர்கள். நின்றிருக்க மாட்டீர்கள். முதலில் நடந்து பாருங்கள், அப்புறம் சிரிக்கலாம்.

வேறு எதையாவது தின்றிருக்கலாமே என்கிறீர்கள். வேறு உணவு இருந்தது. அழுகியது கிழங்கு மட்டும்தான். ஓட்ஸும் வெண்ணெயும் மாடும் பன்றியும் அந்த வருடங்களிலும் அயர்லாந்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்துகொண்டேதான் இருந்தன. வெள்ளாமை குத்தகைக்குப் போனது, விளைவித்தவன் வயிற்றுக்குக் கிழங்கு மட்டுமே மிஞ்சியது. அந்தக் கிழங்கும் போனதும் பத்து லட்சம் பேர் செத்தார்கள். 1848 டிசம்பரில் அயர்லாந்தின் ஸ்லைகோ துறைமுகத்திலிருந்து லிவர்பூலுக்குப் புறப்பட்ட 'லண்டன்டெரி' என்ற கப்பலில், புயல் என்று சொல்லி திறந்த மேல்தளத்தில் இருந்த பயணிகளைக் கீழே அடைத்து மூடிவிட்டார்கள். மூச்சுமுட்டிச் செத்தவர்கள் 72 பேர். இதற்கு எந்தப் பொம்மையைப் போடுவீர்கள்?

"வெள்ளைக்காரனுக்காக உருகுகிறாயே, நம் ஊர்ப் பஞ்சத்தைப் பற்றி எழுதினாயா?" இதுவும் வந்தது. எழுதுகிறேன், கேளுங்கள். அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்துக்கான கஜானாச் சாவியை லண்டனில் கையில் வைத்திருந்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். 1859-ல் அவர் எங்கே போனார் தெரியுமா? சென்னை மாகாண கவர்னராக. இவர் போய்ப் பல வருடம் கழித்து 1876-ல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அப்போது நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கான தானியத்தை நாளுக்கு ஒரு பவுண்டாக, அதாவது 450 கிராமாக, வெட்டியவர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி. ஆள் வேறு, கணக்கு ஒன்று. அன்றைக்கும் லண்டனில் எவனாவது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "அரிசி இல்லாவிட்டால் வேறு எதையாவது தின்ன வேண்டியதுதானே" என்று சிரித்திருப்பான்.

எங்கள் அப்பத்தா தட்டில் ஒரு பருக்கை விட்டாலும், "தாது வருசத்துல..." என்று ஆரம்பித்துவிடும். அது பார்த்ததில்லை. அதன் அப்பத்தா சொல்லிக் கேட்டது. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்று வயிறு வீங்கிச் செத்தவர்கள் கதை. எங்களுக்கு அலுப்பாக இருக்கும். நாங்களும் சிரித்திருக்கிறோம். அதை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இன்னொருவர், ஜாலியன்வாலா பாக் நடந்தபோது பஞ்சாபை ஆண்ட ஓ'ட்வயர் ஐரிஷ்காரன்தானே என்று மடக்கினார். ஆமாம், ஐரிஷ்காரன்தான். அதற்காக 1847-ல் செத்த குழந்தையிடமா கணக்குக் கேட்பது? இதற்கு மேல் அவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

1847-ல் மட்டும் சுமார் மூன்று லட்சம் ஐரிஷ்காரர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். ஊரின் மொத்த ஜனமே அப்போது நான்கு லட்சத்துக்கும் குறைவு. நிலவறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களிடையே டைபஸ் காய்ச்சல் பரவியது. அவர்களைப் பார்க்கப் போன கத்தோலிக்கப் பாதிரியார்களில் பத்துப் பேர் அந்த வருடமே செத்தார்கள். பார்க் பிளேஸ் புனித பேட்ரிக் தேவாலயத்தில் அவர்களுக்கு ஒரு கல் சிலுவை நிற்கிறது. பிரவுன்லோ ஹில்லில் இன்று கத்தோலிக்கப் பேராலயம் இருக்கும் இடத்தில் அன்று ஏழைகள் விடுதி இருந்தது. அதன் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்த ஆக்னஸ் ஜோன்ஸ், ஐரிஷ் குடும்பத்துப் பெண், 1868-ல் அதே டைபஸில் செத்தாள். வயது 35. ஒரு நர்ஸாக அந்த இடத்தில் நின்றபோது எனக்கு என்ன ஆனது என்பதை உங்களிடம் சொல்லி இன்னும் நாலு சிரிப்புப் பொம்மை வாங்க விருப்பமில்லை.

அந்த ஐரிஷ் ஜனங்களைப் பற்றி அன்று என்ன பேசினார்கள்? நோயைக் கொண்டுவந்தார்கள், எங்கள் வரிப்பணத்தில் சாப்பிடுகிறார்கள், திருப்பி அனுப்பு. நிறையப் பேரைத் திருப்பி அனுப்பவும் செய்தார்கள். போன வருடம் வார்டில் ஒருவர் என் கையைத் தட்டிவிட்டு, "உன் ஊருக்குப் போ" என்றார். மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய? பக்கத்துப் படுக்கைப் பாட்டிதான், "என் கொள்ளுப்பாட்டியிடமும் இதைத்தான் சொன்னார்கள், நாங்கள் போகவில்லை, நீயும் போகாதே" என்றார். அந்தப் பாட்டி சொல்லித்தான் இந்த நடைவழியே எனக்குத் தெரியும்.

அந்த வார்டுக்காரர் சொன்னதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

"தமாஷுக்குச் சொன்னதுக்கு இவ்வளவா, அக்கா? படத்தை எடுத்துவிடுங்கள், விஷயம் முடிந்துவிடும்" என்று இன்பாக்ஸில் வந்த சமாதானத் தூதர்களுக்கு: படத்தை எடுக்க மாட்டேன். அந்தக் கமெண்டையும் அழிக்கப் போவதில்லை, அதுவும் அங்கேயே இருக்கட்டும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு, குண்டு விழுந்து கூரை போன செயின்ட் லூக்ஸ் தேவாலயத் தோட்டத்தில், பஞ்ச நினைவுக் கல்லுக்குப் பக்கத்தில் இருப்பேன். வருகிறவர்கள் வாருங்கள். தம்பி, நீங்களும்தான். மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.